ஆன்லைனில் முதல் செல்லோ: கம்பம்மெட்டு வரை வந்து சேரும்போது அதன் உண்மையான விலை என்ன?

ஷாப்பிங் செயலியில் 'செல்லோ' என்று தட்டினால் முதலில் வருவது பேனா, ஃபிளாஸ்க், தண்ணீர் பாட்டில். அதே பெயரில் பிரபலமான பிராண்டுகள் இருப்பதால் இந்தக் குழப்பம். 'செல்லோ 4/4' என்றோ 'செல்லோ இசைக்கருவி' என்றோ தேடினால்தான் நாம் கேட்ட கருவி கண்ணில் படும். படம் அழகாக இருக்கும். பை, வில், ரோசின் எல்லாம் சேர்த்து ஒரே விலை போட்டிருப்பார்கள். 'இன்றே கடைசி நாள்' என்றும் எழுதியிருக்கும்.

பொறுங்கள். செல்லோ என்பது பெட்டியைப் பிரித்ததும் வாசிக்கக்கூடிய பொருள் அல்ல. கிட்டாரோ கீபோர்டோ வாங்கிய அனுபவம் இங்கே அவ்வளவாக உதவாது. கூரியர் வரும், ஆனால் செல்லோவைச் சரிபார்க்கும் ஆள் பக்கத்தில் இல்லை என்ற நிலையில் கம்பம்மெட்டு, நெடுங்கண்டம், குமுளி பக்கம் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தக் கணக்கு என்ன என்று பார்ப்போம்.

செல்லோ என்றால் என்ன?

வயலின் குடும்பத்தின் பெரிய அண்ணன். உட்கார்ந்து, இரு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் வாசிப்பது. கருவியின் அடியிலிருந்து நீளும் 'எண்ட்பின்' என்ற கம்பி தரையில் ஊன்றி நிற்கும். முழு அளவு செல்லோவின் மொத்த நீளம் ஏறத்தாழ 120 செ.மீ. நான்கு தந்திகள்: தாழ்விலிருந்து மேலே சி, ஜி, டி, ஏ. மனிதக் குரலுக்கு மிக நெருக்கமான ஒலி என்று இதைச் சொல்வார்கள்.

தமிழ் காதுகளுக்கு இந்த ஒலி புதிதல்ல. திரையிசையில் வயலின்களுக்கு அடியில் கனமாக ஓடும் தந்தி ஒலியில் பெரும்பங்கு செல்லோவுடையது. கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' தந்திக் கருவிகளை முன்னிறுத்திய ஆல்பம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவரது 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. வயலின் கலைஞர் வி.எஸ்.நரசிம்மன் 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்டில் செல்லோ வாசித்தவர் வி.ஆர்.சேகர். இந்துஸ்தானியில் சாஸ்கியா ராவ்-டி ஹாஸ், தரையில் அமர்ந்து வாசிக்க வசதியாக செல்லோவின் வடிவத்தையே மாற்றிக்கொண்டார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வந்த வயலின், 200 ஆண்டுகளில் ஊர்தோறும் ஆசிரியரையும் ரிப்பேர் செய்பவரையும் உண்டாக்கிவிட்டது. செல்லோவுக்கு அப்படி நடக்கவில்லை. பெருநகரங்களைத் தாண்டினால் ஆசிரியரும் அரிது, கருவியைச் சரிசெய்யத் தெரிந்தவரும் அரிது. ஆன்லைனில் வாங்குவதில் உள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று விலை: எது உண்மையான விலை?

ஒரு செல்லோவுக்கு மூன்று விலை உண்டு.

முதலாவது, பட்டியல் விலை. திரையில் தெரிவது.

இரண்டாவது, வீடு வந்து சேரும் விலை. டெலிவரி, காப்பீடு, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம் எல்லாம் சேர்ந்தது.

மூன்றாவது, வாசிக்க முடிகிற விலை. வந்த கருவியை ஒரு கைவினைஞரிடம் கொடுத்து 'செட்டப்' செய்து, தேவைப்பட்டால் தந்தி மாற்றி, உண்மையாகவே ஸ்ருதி நிற்கும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் மொத்தச் செலவு.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது மூன்றாவது விலையை மட்டும் ஒப்பிடுங்கள். பட்டியலில் மலிவாகத் தெரியும் கருவி, இந்தக் கணக்கில் பல நேரம் விலை கூடியதாகிவிடும்.

எளிய விதி ஒன்று: கையில் இருக்கும் தொகையில் நான்கில் மூன்று பங்கை மட்டும் கருவிக்கு ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் ரூ.50,000 என்று வைத்துக்கொள்வோம். கருவியைத் தேட வேண்டிய எல்லை ரூ.37,500. மீதி ரூ.12,500 செட்டப், தந்தி, பயணம், ஈரப்பதமானி ஆகியவற்றுக்கு. ஐம்பதாயிரத்தையும் கருவியிலேயே போட்டுவிட்டால், அது சரியாக ஒலிக்க வைக்கக் கையில் காசு இருக்காது.

'செட்டப்' என்றால் என்ன? ஏன் இவ்வளவு முக்கியம்?

செல்லோவின் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு, அதாவது குதிரை (பிரிட்ஜ்), ஒட்டப்பட்டது அல்ல. தந்தியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. உள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே 'சவுண்ட்போஸ்ட்' என்ற சிறு மரக்குச்சி இருக்கும். அதுவும் ஒட்டப்படாதது, இறுக்கத்தில்தான் நிற்கும். கூரியரில் வரும் கருவியில் பெரும்பாலும் குதிரையைக் கழற்றி வைத்திருப்பார்கள். வழியில் குலுங்கினால் சவுண்ட்போஸ்ட் விழுந்திருக்கவும் கூடும்.

குதிரையை அந்தந்தக் கருவிக்கு ஏற்பச் செதுக்க வேண்டும். அதிக உயரம் என்றால் தந்தியை அழுத்தவே விரல் வலிக்கும். ஃபிங்கர்போர்டின் முனையில் தந்திக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி, ஏ-தந்தியில் 5 மி.மீ., சி-தந்தியில் 8 மி.மீ. சுற்றளவில் இருப்பது வழக்கம். மலிவான கருவிகள் பல, செதுக்காத குதிரையோடு இதைவிட மிக உயரமாக வருகின்றன. பிருடைகள் (பெக்) சரியாகப் பொருந்தாவிட்டால் ஸ்ருதி சேர்த்த ஐந்தாவது நிமிடம் இறங்கிவிடும்.

இதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. முதன்முதலாகக் கற்பவருக்கு, குற்றம் கருவியிலா தன் கையிலா என்று தெரியாது. விரல் வலிக்கிறது, ஸ்ருதி நிற்கவில்லை, ஒலி கரகரக்கிறது என்றால், "நமக்கு இது வராது போல" என்று முடிவுகட்டிவிடுவார். மூன்று மாதத்தில் கருவி அலமாரி மேலே ஏறிவிடும். கருவியில் குறை இருந்திருக்கலாம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகும்.

எந்த அளவு வாங்குவது?

25 வயதுக்காரருக்கு 4/4 அளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. உயரம்தான் அளவுகோல். பொதுவான வழிகாட்டி:

5 அடிக்கு மேல்: 4/4
4½ முதல் 5 அடி வரை: 3/4
4 முதல் 4½ அடி வரை: 1/2
3½ முதல் 4 அடி வரை: 1/4

எல்லைக்கோட்டில் இருப்பவர்கள், கை சிறியதாக இருந்தால் சிறிய அளவையே எடுக்கலாம். குழந்தைக்கு 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பெரிய அளவு வாங்குவது சட்டைக்குச் சரி, செல்லோவுக்குச் சரிவராது. விரல் விரியும் தூரம் தவறாகப் பழகிவிடும்.

விளம்பரப் பக்கத்தில் எதைப் படிக்க வேண்டும்?

மேல்பலகை: 'சாலிட் ஸ்ப்ரூஸ்' என்று இருந்தால் முழு மரம். 'லாமினேட்' என்றால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகையில் ஒலியின் ஆழம் குறையும். ஆனால் ஈரப்பதத்தில் வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும், அடிபட்டாலும் தாங்கும். மலைப்பகுதியில் முதல் ஓராண்டு பழகிப் பார்க்க மட்டும் என்றால் அது மோசமான தேர்வு அல்ல. ஒட்டுப்பலகையை முழு மரம் என்று சொல்லி விற்பதுதான் பிரச்சினை. 'வுட்' என்று மட்டும் எழுதி, என்ன மரம் என்று சொல்லாத பக்கத்தை நம்ப வேண்டாம்.

பின்பலகை, பக்கங்கள்: மேப்பிள் மரம் வழக்கம்.

ஃபிங்கர்போர்ட்: கருங்காலி (எபனி) சிறந்தது. 'எபனைஸ்டு' என்றால் வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியது என்று பொருள். சில மாதங்களில் விரல்படும் இடத்தில் தேய்ந்து பள்ளம் விழலாம்.

டெயில்பீஸ்: நான்கு தந்திக்கும் 'ஃபைன் ட்யூனர்' இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்க நிலையில் ஸ்ருதி சேர்க்க இது பெரிய உதவி.

வில்: தொகுப்பில் இலவசமாக வரும் வில்தான் பெரும்பாலும் முதலில் மாற்ற வேண்டியிருப்பது. கார்பன் ஃபைபர் வில் வானிலையால் வளையாது. மலைப்பகுதிக்கு அது நல்ல தேர்வு.

நிறம்: நீலம், ரோஸ், பளபள வெள்ளை நிறங்களில் வருபவை பெரும்பாலும் பரிசுப்பொருள் ரகம்.

படம்: நிறுவனம் கொடுத்த ஒரே படம் பத்துக் கடைகளில் இருந்தால், உங்களுக்கு வரப்போகும் கருவியின் படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். குதிரை, பிருடை, பின்பலகை மூன்றும் தெரிய வேண்டும். அனுப்பத் தயங்கும் கடையை விட்டுவிடலாம்.

உற்பத்தியான நாடு: உலகில் விற்கும் மலிவு விலை வயலின், செல்லோக்களில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. ஜியாங்சு மாகாணத்தின் ஹுவாங்சியாவ், பெய்ஜிங்கை ஒட்டிய பிங்கு மாவட்டம் இரண்டும் இதற்குப் பேர்போனவை. பிரிட்டிஷ் பிராண்டான ஸ்டென்டாரின் மாணவர் கருவிகளும் சீனத் தயாரிப்புதான். ஆகவே சீனத் தயாரிப்பு என்பதே குறை அல்ல. அதை யார் சரிபார்த்து, யார் பொறுப்பேற்று விற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் வயலின் தயாரிப்புக்குப் பெயர் பெற்ற ஊர்.

பெட்டி பெரிசு: டெலிவரிக் கணக்கு

முழு அளவு செல்லோ மூன்று கிலோ சுற்றளவில்தான் எடை இருக்கும். ஆனால் கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, அடைத்துக்கொள்ளும் இடத்தையும் பார்க்கும். விமானச் சரக்கில் பொதுவாக நீளம் × அகலம் × உயரத்தை (செ.மீ.) 5,000-ஆல் வகுப்பார்கள்.

செல்லோ பெட்டி 135 × 55 × 40 என்று கொண்டால், கணக்கு எடை 59.4 கிலோ.
வயலின் பெட்டி 85 × 30 × 20 என்று கொண்டால், 10.2 கிலோ.

அதாவது ஏறக்குறைய ஆறு மடங்கு. 'இலவச டெலிவரி' என்று இருந்தாலும், உங்கள் பின்கோடைப் போட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பெரிய பொருளை மலைப்பகுதிப் பின்கோடுக்குக் கொண்டுவர மறுக்கும் விற்பனையாளர்கள் உண்டு. அதைவிட முக்கியம்: திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது? இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது. ஆனால் எல்லைக்கு இந்தப்பக்கம், போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் முதல் அகலப்பாதையில் ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்து நேரடி எக்ஸ்பிரஸும் உண்டு. கடையிலேயே செட்டப் செய்து, வாசித்துப் பார்த்து, நீங்களே கூட எடுத்து வருவது கூரியரைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம். கம்பத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் வருவதானால், மெல்லிய துணிப்பை போதாது. பஞ்சு திணித்த தடித்த பையோ கெட்டிப் பெட்டியோ வேண்டும்.

வெளிநாட்டுத் தளத்தில் வாங்கலாமா?

முதல் கருவிக்கு வேண்டாம் என்பதே பாதுகாப்பான பதில். சுங்க வரி கருவியின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குக் கணக்கிடப்படும். அதன்மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி, கூரியரின் கிளியரன்ஸ் கட்டணம். வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுபவை என்பதால், வாங்கும் நாளில் கூரியரிடமே மதிப்பீடு கேளுங்கள். "கிஃப்ட்னு போட்டு அனுப்பச் சொல்லிட்டா வரி கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உயிர்காக்கும் மருந்து, ராக்கி தவிர மற்றவற்றுக்கு அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கருவி சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், கட்டிய வரி தானாகக் கைக்கு வராது.

பெட்டி வந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வது?

1. பெட்டியின் ஆறு பக்கத்தையும் வீடியோ எடுங்கள். பிரிப்பதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

2. உடனே தந்தியை இறுக்காதீர்கள். எஃப் வடிவத் துளை வழியாக செல்போன் டார்ச் அடித்து, சவுண்ட்போஸ்ட் நிற்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் இறுக்கவே கூடாது. நான்கு தந்திகளின் மொத்த இழுவிசை 50 கிலோவுக்கு மேல். உள்தாங்கல் இல்லாமல் அந்த அழுத்தம் வந்தால் மேல்பலகை வெடிக்கும். அப்புறம் அது 'வாங்கியவர் செய்த சேதம்' ஆகிவிடும்.

3. மேல்பலகையில் விரிசல், கழுத்துப் பகுதி ஆடுதல், விளிம்பில் ஒட்டு விட்டிருத்தல் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. குறை இருந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் செய்யுங்கள். பல தளங்களில் திருப்பி அனுப்பும் காலம் 7 அல்லது 10 நாள்தான். ஆசிரியரிடமோ கைவினைஞரிடமோ காட்ட வேண்டிய நாளையும் அதற்குள்ளேயே முடிக்க வேண்டும். ஆகவே ஆர்டர் போடும் முன்பே அவரிடம் தேதி வாங்கிவிடுங்கள்.

விளிம்பில் ஒட்டு விட்டிருந்தால் ஃபெவிகாலோ ஃபெவிக்விக்கோ போடாதீர்கள். இந்தக் கருவிகள் வழக்கமாக விலங்குப் பசையால் ஒட்டப்படுபவை. மரம் விரியும்போது பலகை வெடிக்காமல் ஒட்டு மட்டும் விடட்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கைவினைஞருக்கு அது சின்ன வேலை. ஃபெவிக்விக் போட்டுவிட்டால் பெரிய வேலை.

கடைக்காரர் கைவிரித்தால்?

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு வலுவாகவே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல முடியாது. 'சாலிட் ஸ்ப்ரூஸ்' என்று போட்டுவிட்டு ஒட்டுப்பலகையை அனுப்பினாலும் இது பொருந்தும். அதனால்தான் வாங்கும் நாளிலேயே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்கிறோம். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

அப்படியும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எல்லைப்பகுதி மக்களுக்கு மிகவும் பயன்படும் ஓர் அம்சம் இருக்கிறது: விற்பனையாளர் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குத் தொடரலாம். வீடு கம்பம்மெட்டில், வேலை தேனியில் என்றால் இடுக்கி, தேனி இரண்டில் எது வசதியோ அது. ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

மேட்டு மழை, பள்ளத்தாக்குக் காற்று

செல்லோவுக்குப் பிடித்த ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். கம்பம்மெட்டில் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் காற்றே நனைந்திருக்கும். மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இரண்டு வானிலை. ஈரத்தில் மரம் உப்பி, தந்தி உயரம் கூடி, பிருடை இறுகிக்கொள்ளும். வறண்ட காற்றில் பிருடை வழுக்கும், பலகை விரிசல் விடலாம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பெட்டிக்குள் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல். வெளிச்சுவரையும் சமையலறையையும் விட்டு உள்ளறையில் வையுங்கள். நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேலிருந்து கீழே கொண்டுபோனால், உடனே வாசிக்காமல் பைக்குள்ளேயே சிறிது நேரம் இருக்க விடுங்கள்.

வாங்காமலே தொடங்க முடியுமா?

முடியும் என்றால் அதுதான் நல்ல வழி. பல நாடுகளில் செல்லோ மாணவர்கள் முதலில் வாடகைக் கருவியில்தான் தொடங்குகிறார்கள். இங்கே அந்த ஏற்பாடு பரவலாக இல்லை. ஆனாலும் ஆசிரியரிடமோ இசைப்பள்ளியிடமோ கேட்டுப்பாருங்கள். 4/4-க்கு வளர்ந்துவிட்ட மாணவரின் 3/4 கருவி, படிப்பை முடித்துவிட்டவரின் கருவி என்று ஏதாவது சும்மா கிடக்கும். ஒருவர் ஏற்கெனவே செட்டப் செய்து, வாசித்துப் பழகிய பயன்படுத்திய கருவி, அதே விலையில் கிடைக்கும் புதுக் கருவியைவிடப் பல நேரம் மேலானது.

ஆகவே வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் ஆசிரியர்; ஆன்லைன் ஆசிரியரானாலும் சரி. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டிலுமே செல்லோவுக்குத் தொடக்க நிலை முதல் எட்டாம் கிரேடு வரை தேர்வு உண்டு, வீடியோ அனுப்பியும் எழுதலாம். அடுத்து, கருவியைச் சரிசெய்யும் ஆள். பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம், இடுக்கிக்காரர்கள் மதுரையிலோ கொச்சியிலோ தேடலாம். வயலின் சரிசெய்பவராக இருந்தால், செல்லோ குதிரை செதுக்கிய அனுபவம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருவி மூன்றாவதுதான்.

கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்தும் முன் விற்பனையாளரிடம் ஐந்து கேள்விகள்:

செட்டப் செய்து அனுப்புவீர்களா, குதிரையைக் கழற்றி அனுப்புவீர்களா?
மேல்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா?
எனக்கு வரப்போகும் கருவியின் படம் கிடைக்குமா?
திருப்பி அனுப்பினால் செலவு யாருடையது?
சவுண்ட்போஸ்ட் விழுந்து வந்தால் யார் பொறுப்பு?

ஐந்துக்கும் எழுத்தில் பதில் தருபவர் விலை கொஞ்சம் கூடச் சொன்னாலும் அவரிடமே வாங்குங்கள். அந்தக் கூடுதல் தொகையை எப்படியும் நீங்கள் கட்டத்தான் போகிறீர்கள். வாங்கும்போதே கட்டிவிட்டால், கருவி வந்த வாரமே வாசிக்க உட்காரலாம்.